சட்டை அதே, ஆள் வேறு!

சென்ற மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை செவ்வாய்ப்பேட்டையில் உள்ள சித்தப்பா வீட்டுக்குப் போயிருந்தேன். அங்கே புதுக் கம்ப்யூட்டர் வந்து நான்கு மாதம்தான் ஆகிறது. மானிட்டரின் ஓரத்தில் ஒட்டியிருக்கும் பிளாஸ்டிக் தாளைக்கூட சித்தி இன்னும் உரிக்க விடவில்லை. பிளஸ் டூ படிக்கும் தம்பி வழக்கமாக என்னைக் கண்டதும் "அண்ணா, கிராபிக்ஸ் கார்டு எப்போ போடலாம்?" என்று ஆரம்பிப்பான். அன்று வாயே திறக்கவில்லை.

சாப்பிட்டு முடித்த பிறகு மெதுவாகக் கேட்டேன். விஷயம் இதுதான். வாலரன்ட் என்ற துப்பாக்கிச் சுடும் கேமை ஆன்லைனில் ஐந்து பேர் சேர்ந்து அணியாக ஆடுகிறார்கள். இவனும் அதில் ஒருவன். மூன்று மாதம் தினமும் இரவு ஒன்பது முதல் பதினொன்று வரை பயிற்சி. ஒரு சின்னப் போட்டியில் தோற்றார்கள். மறுநாள் காலை பார்த்தால் குரூப்பிலிருந்து இவனை நீக்கிவிட்டார்கள். காரணம் சொல்லவில்லை. யாரும் போன் செய்யவில்லை.

"நான் என்ன தப்பு பண்ணேன்னாவது சொல்லியிருக்கலாம்ல அண்ணா?" என்று கேட்டான்.

எனக்குச் சுருக்கென்றது. ஏன் என்று பிறகு சொல்கிறேன். முதலில், கம்ப்யூட்டருக்குப் புதியவர்களான வாசகர்களுக்காக இந்த உலகத்தைக் கொஞ்சம் அறிமுகப்படுத்தி விடுகிறேன். உங்கள் வீட்டிலும் இப்படி ஒரு தம்பியோ மகளோ இருக்கலாம்.

இ-ஸ்போர்ட்ஸ் என்றால்?

கம்ப்யூட்டரிலோ மொபைலிலோ கேம் ஆடுவதைப் போட்டியாக, விதிமுறைகளுடன், பரிசுடன் நடத்தினால் அது இ-ஸ்போர்ட்ஸ். கிரிக்கெட்டில் பதினொரு பேர் பட்டியல் இருப்பது போல இதிலும் ஒவ்வோர் அணிக்கும் ஆட்டக்காரர் பட்டியல் உண்டு. அதற்கு ரோஸ்டர் என்று பெயர். வாலரன்டில் ஐந்து பேர். பிஜிஎம்ஐ எனப்படும் மொபைல் கேமில் நான்கு பேர். அந்த நால்வரில் ஒருவர் "இப்போது நகரலாம், இப்போது காத்திருக்கலாம்" என்று முடிவெடுத்துச் சொல்பவர். அவரை ஐஜிஎல் என்பார்கள். முன்னால் பாய்ந்து தாக்குபவர் ஒருவர், பின்னால் இருந்து காப்பவர் ஒருவர் என்று ஆளுக்கொரு வேலை. பிஜிஎம்ஐ போட்டிகளில் வழக்கமாகப் பதினாறு அணிகள், அறுபத்து நான்கு பேர், ஒரே வரைபடத்தில் இறங்குவார்கள். எத்தனை பேரை வீழ்த்தினீர்கள், எவ்வளவு நேரம் தாக்குப்பிடித்தீர்கள் என்ற இரண்டுக்கும் புள்ளிகள் உண்டு.

இந்த ரோஸ்டர் மாறுவது பற்றித்தான் இந்தக் கட்டுரை. பரிசுத் தொகையைப் பற்றி நிறையப் பேர் எழுதிவிட்டார்கள். ஆள் மாறும் கதையை யாரும் பெற்றோருக்குச் சொல்வதில்லை.

சோல் அணியின் கதை

இந்தியாவில் பலருக்கும் தெரிந்த அணி டீம் சோல். இதைத் தொடங்கியவர் மும்பையைச் சேர்ந்த நமன் மாத்தூர். ஆட்டப் பெயர் மார்ட்டல். பப்ஜி மொபைல் 2018ல் வந்தது. அதே ஆண்டில் அணியும் பிறந்தது. மார்ட்டல், வைப்பர், ஓவைஸ், ரோனக் என்ற நால்வர் கூட்டணி 2019 மார்ச்சில் ஹைதராபாத்தில் நடந்த பப்ஜி மொபைல் இந்தியா சீரிஸ் போட்டியை வென்றது. மொத்தப் பரிசு 1 கோடி ரூபாய். சோல் வாங்கியது 30 லட்சம். அதே ஆண்டு ஜூலையில் ஜெர்மனியின் பெர்லினில் நடந்த உலக இறுதிச் சுற்றுக்கும் போனார்கள். கோப்பை கிடைக்கவில்லை. ஆனாலும் எங்கள் ஹாஸ்டலில் அந்த நான்கு பெயர்களும் கிரிக்கெட் வீரர்களின் பெயர்களைப் போல ஒலித்தன.

சில மாதங்கள்தான். ஓவைசும் ரோனக்கும் விலகினார்கள். ஸ்கவுட் என்ற இன்னொரு புகழ்பெற்ற ஆட்டக்காரருடன் சேர்ந்தார்கள். 2019 அக்டோபரில் லண்டனைச் சேர்ந்த ஃப்னாட்டிக் நிறுவனம் அந்தக் கூட்டணியைத் தன் இந்திய அணியாக எடுத்துக்கொண்டது. சோலில் மார்ட்டலும் வைப்பரும் தொடர்ந்தார்கள். புதியவர்கள் வந்தார்கள், போனார்கள்.

பிறகு 2020 செப்டம்பர் 2. மத்திய அரசு தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 69ஏ பிரிவின்படி 118 செயலிகளைத் தடை செய்தது. பப்ஜி மொபைலும் அதில் ஒன்று. ஒரே நாளில் எல்லா அணிகளுக்கும் ஆட்டமே இல்லை! யோசித்துப் பாருங்கள். கபடி ஆடும் பையனிடமிருந்து மைதானத்தைப் பிடுங்கினால் தெருவில் கோடு போட்டு ஆடுவான். இங்கே அப்படி முடியாது. சர்வர் ஒரு கம்பெனியுடையது. கேம் இன்னொருவருடைய சொத்து. நாம் அதைப் பயன்படுத்த அனுமதி மட்டும் வாங்கியிருக்கிறோம். சாப்ட்வேர் எழுதுகிறவன் என்ற முறையில் இதை அழுத்திச் சொல்கிறேன். இன்ஸ்டால் செய்யும்போது படிக்காமல் "சம்மதம்" என்று கிளிக் செய்கிறோமே, அந்தப் பக்கத்தில் இருப்பது இதுதான்.

தென்கொரியாவின் கிராஃப்டன் நிறுவனம் 2021 ஜூலை 2 அன்று பேட்டில்கிரவுண்ட்ஸ் மொபைல் இந்தியா என்ற பெயரில் கேமைத் திரும்பக் கொண்டு வந்தது. அதுதான் பிஜிஎம்ஐ. மார்ட்டல் இதற்கிடையில் ஸ்ட்ரீமிங், அதாவது ஆடுவதை நேரலையாகக் காட்டும் வேலையில் பெரிய ஆளாகிவிட்டார். 8பிட் என்ற குழுவுடன் சோல் இணைந்து எஸ்8யுஎல் என்ற நிறுவனமாகியிருந்தது. தொடங்கியவர் மெல்ல ஆட்டக்களத்திலிருந்து முதலாளி நாற்காலிக்கு நகர்ந்தார்.

2022ல் ஒரு புதுமை நடந்தது. டீம் மேஹெம் என்ற அணியில் ஆடிக்கொண்டிருந்த ஒமேகா, ஹெக்டர், கோப்ளின், அக்ஷத் ஆகிய நால்வரையும் சோல் ஒரேயடியாக எடுத்துக்கொண்டது. அந்த ஆண்டே ஓப்பன் சேலஞ்ச் போட்டியை வென்றார்கள். அடுத்து ஜூனில் 2 கோடி ரூபாய் பரிசுள்ள புரோ சீரிஸ் போட்டியையும் வென்றார்கள். சவூதி அரேபியாவின் ரியாத்தில் ஆகஸ்டில் நடக்கும் உலகப் போட்டிக்கு டிக்கெட் கிடைத்தது.

ஆனால் 2022 ஜூலை 28 அன்று பிஜிஎம்ஐயும் இந்தியாவில் முடக்கப்பட்டது. ரியாத் போட்டிக்கு இரண்டே வாரம் பாக்கி! சொந்த நாட்டில் டவுன்லோடு செய்ய முடியாத கேமில் நாட்டுக்காக ஆடப் போனார்கள். பட்டியலின் அடிப்பகுதியில்தான் முடித்தார்கள். அதற்காக அவர்களைத் திட்டியவர்களும் உண்டு. எனக்கு அது நியாயமாகப் படவில்லை.

2023 மே 29 அன்று கேம் மீண்டும் வந்தது. பதினெட்டு வயதுக்குக் குறைந்தவர்களுக்கு ஒரு நாளைக்கு மூன்று மணி நேரம், மற்றவர்களுக்கு ஆறு மணி நேரம் என்று கட்டுப்பாடு வைத்தார்கள். 2024 தொடக்கத்தில் சோல் மறுபடியும் முழு அணியை மாற்றியது. அதற்கு முந்தைய ஆண்டு புரோ சீரிஸ் வென்ற பிளைண்ட் அணியிலிருந்து மான்யா, நகுல், ரோனி, ஜோக்கர் வந்தார்கள்.

கணக்குப் போட்டால், 2019 மார்ச்சில் ஹைதராபாத் மேடையில் நின்ற நால்வரில் ஒருவர்கூட ஐந்து ஆண்டுகளில் அந்த அணியின் ரோஸ்டரில் இல்லை. லோகோ அப்படியே இருக்கிறது. ரசிகர்கள் அப்படியே இருக்கிறார்கள். சட்டை அதே, ஆள் வேறு.

ஏன் இப்படி?

கம்ப்யூட்டர் பக்கத்திலும் இதே நிலைதான். வாலரன்டின் பசிபிக் லீக்கில் 2023 முதல் இந்தியாவின் குளோபல் இ-ஸ்போர்ட்ஸ் அணிக்கு இடம் கிடைத்தது. ஆட்டங்கள் தென்கொரியாவின் சியோலில். முதல் ஆண்டிலேயே தென்கொரியர்களும் இந்தோனேசியரும் அணியில் இருந்தார்கள். நம் நாட்டின் பிரபல ஆட்டக்காரரான ஸ்க்ராசி அந்த ஆண்டு முடிவில் விலகி இன்னோர் இந்திய அணிக்குப் போனார்.

அணிகளைக் குறை சொல்வது எளிது. அவர்கள் பக்கமும் நியாயம் உண்டு. ஸ்பான்சர் பணம் கொடுப்பது வெற்றிக்கும் பார்வையாளர் எண்ணிக்கைக்கும். கேம் ஆறு மாதம் நின்றாலும் சம்பளம் கொடுக்க வேண்டும். அப்டேட் வந்து துப்பாக்கியின் வேகம் மாறினால் நேற்றைய சூரர் இன்று சாதாரணர். மாற்றவே கூடாது என்று நான் சொல்லவில்லை. எப்படி மாற்றுகிறோம் என்பதுதான் கேள்வி.

இங்கே ஒரு விஷயத்தைக் கவனியுங்கள். சோலின் மிகச் சிறந்த ஆண்டுகளில் ஒன்று 2022. அது அங்கொருவர் இங்கொருவராகப் பொறுக்கிச் சேர்த்த அணி அல்ல. ஏற்கெனவே சேர்ந்து ஆடிப் பழகிய நால்வர். 2024ல் எடுத்ததும் அப்படித்தான். அணி வாங்கியது திறமையை மட்டுமல்ல, நால்வருக்கிடையே இருந்த பழக்கத்தையும் சேர்த்துத்தான்.

தென்கொரியாவின் டி1 அணியைப் பாருங்கள். லீக் ஆஃப் லெஜண்ட்ஸ் என்ற கம்ப்யூட்டர் கேமில் ஃபேக்கர் என்பவர் 2013 முதல் ஒரே அணிக்கு ஆடுகிறார். 2022 உலகப் போட்டி இறுதியில் அவர்கள் 3-2 என்று தோற்றார்கள். நம்மூராக இருந்தால் மறுநாளே இரண்டு பேரைத் தூக்கியிருப்போம். அவர்கள் அதே ஐவரை வைத்துக்கொண்டார்கள். அந்த ஐவர் 2023லும் 2024லும் உலகக் கோப்பை வென்றார்கள். பிறகு ஒருவர் விலகினார். அவர் இடத்துக்கு ஒரே ஒருவர் வந்தார். நால்வர் மாறாமல் இருந்ததால் 2025லும் கோப்பை அவர்களுக்கே.

இதைப் புரிந்துகொள்ள எனக்குக் கொரியா போக வேண்டியதில்லை. எங்கள் தெருவே போதும். செவ்வாய்ப்பேட்டையில் வெள்ளிக் கொலுசுப் பட்டறைகள் அதிகம். ஒருவர் வெள்ளி உருக்குவார், ஒருவர் கம்பி இழுப்பார், ஒருவர் பற்றவைப்பார், ஒருவர் மெருகு போடுவார். ஒருவர் கை இன்னொருவர் கைக்குத் தெரியும். அப்பாவின் பட்டறையில் பற்றவைப்பவர் வேறு பட்டறைக்குப் போக நினைத்தால், அவர் வாங்கிய முன்பணத்தைப் புது முதலாளி அப்பாவிடம் கட்டிவிட்டு அழைத்துப் போவார். பெரிய அணிகள் ஆளை எடுக்கும்போது பழைய அணிக்குப் பணம் கட்டுகின்றனவே, ஏறக்குறைய அதுதான். ஆனால் ஒன்று. போகிறவர் முன்னால் வந்து நின்று சொல்லிவிட்டுத்தான் போவார். அனுப்புகிற முதலாளியும் கூப்பிட்டு உட்கார வைத்துத்தான் சொல்வார். "இனிமேல் வராதே" என்று குரூப்பில் நீக்குகிற பழக்கம் எங்கள் தெருவில் இல்லை.

நான் செய்தது

இப்போது எனக்கு ஏன் சுருக்கென்றது என்று சொல்லிவிடுகிறேன்.

2019 தொடக்கம். இன்ஜினியரிங் கடைசி ஆண்டு. ஹாஸ்டலில் நாங்கள் நால்வர் ஓர் அணி. பக்கத்துக் கல்லூரி விழாவில் பப்ஜி மொபைல் போட்டி அறிவித்தார்கள். எங்களில் நான்காவது ஆளிடம் இருந்தது 2 ஜிபி ராம் போன். இருபது நிமிடம் ஆடினால் தோசைக்கல் மாதிரி சுடும். படம் விட்டுவிட்டு ஓடும். அவன் குறி வைக்கும் நேரத்தில் எதிரி சுட்டுவிட்டுப் போய்விடுவான். போட்டிக்கு இரண்டு நாள் முன்னால் அவனை எடுத்துவிட்டு, நல்ல போன் வைத்திருந்த ஜூனியர் ஒருவனைச் சேர்த்தோம். முடிவு என்னுடையது. சொல்ல தைரியம் இல்லாமல் வாட்ஸ்அப்பில் புது குரூப் ஆரம்பித்தேன். பழைய குரூப்பில் யாரும் பேசவில்லை. அவனாகப் புரிந்துகொண்டான்.

முதல் சுற்றிலேயே வெளியே வந்தோம். ஜூனியர் நன்றாகத்தான் சுட்டான். ஆனால் எந்த வீட்டுக்குள் போவது, எப்போது வண்டி எடுப்பது என்று சொல்ல ஆள் இல்லை. அதை அதுவரை சொல்லிக்கொண்டிருந்தது அந்த நான்காவது ஆள்தான். ஐஜிஎல் என்ற வார்த்தைகூட அப்போது எங்களுக்குத் தெரியாது. போன் மெதுவாக இருந்ததால் சண்டைக்குப் போகாமல், எப்போதும் வரைபடத்தையே பார்த்துப் பார்த்து அவன் அதைக் கற்றிருந்தான். அவனுடைய குறையில் இருந்துதான் எங்கள் அணியின் பலம் வந்தது என்பது தோற்ற பிறகுதான் புரிந்தது.

அன்று மாலை அவனே ஹாஸ்டல் வாசலில் நின்று "எத்தனாவதுடா வந்தீங்க?" என்று கேட்டான். நான் சரியாகப் பதில் சொல்லவில்லை. மன்னிப்பும் கேட்கவில்லை. படிப்பு முடிந்து ஆளுக்கொரு ஊர் போனோம்.

தம்பி கேட்ட கேள்வி, அவன் என்னிடம் கேட்காமல் விட்ட கேள்வி.

என்ன செய்யலாம்?

இ-ஸ்போர்ட்ஸ் இனி போகாது. 2022 டிசம்பரில் மத்திய அரசு இதை விளையாட்டு அமைச்சகத்தின் கீழ் கொண்டு வந்தது. 2025 ஆகஸ்டில் பார்லிமென்ட் நிறைவேற்றிய ஆன்லைன் கேமிங் சட்டம் பணம் கட்டி ஆடும் கேம்களைத் தடை செய்து, இ-ஸ்போர்ட்ஸைப் போட்டி விளையாட்டாக அங்கீகரித்தது. செஸ் ஆட்டக்காரர்களே இந்த அணிகளில் சேர்கிறார்கள். மதுரையைச் சேர்ந்த கிராண்ட்மாஸ்டர் அரவிந்த் சிதம்பரத்தை 2025ல் எஸ்8யுஎல் சேர்த்துக்கொண்டது. ஆகவே "கேம் ஆடினால் உருப்படமாட்டாய்" என்று திட்டி அடக்குகிற காலம் முடிந்துவிட்டது. அதே சமயம் "பையன் கோடி சம்பாதிப்பான்" என்று நம்பிப் படிப்பை நிறுத்துவதும் தவறு.

அங்கீகாரம் வந்தால் மட்டும் போதாது. ஆட்டக்காரர்களில் பலர் பதினேழு, பதினெட்டு வயதுப் பிள்ளைகள். அணியில் சேர்க்கும்போது எழுத்தில் ஒப்பந்தம் வேண்டும். நீக்கினால் இத்தனை நாள் முன்னறிவிப்பு, காரணம், பரிசுத் தொகையில் பங்கு என்பதெல்லாம் அதில் இருக்க வேண்டும். மைனர் என்றால் பெற்றோர் கையெழுத்து வேண்டும். கேம் தடையானால் சம்பளம் என்ன ஆகும் என்றும் எழுத வேண்டும். இருமுறை நடந்துவிட்டதே, இனி "எதிர்பாராதது" என்று யாரும் சொல்ல முடியாது. இவற்றைப் போட்டி நடத்துகிறவர்கள் கட்டாயமாக்கினால் அணிகள் தானாக வழிக்கு வரும்.

புதிதாகக் கம்ப்யூட்டர் வாங்கியவர்களுக்குச் சில வார்த்தைகள். பிள்ளை எந்த கேம் ஆடுகிறான் என்று பெயர் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். பிஜிஎம்ஐ மொபைலுக்கானது. எமுலேட்டர் போட்டுக் கம்ப்யூட்டரில் ஆட அதற்கு அனுமதி இல்லை. அதற்காகக் கம்ப்யூட்டர் வேண்டும் என்று கேட்டால் காரணம் வேறு. வாலரன்ட் இலவசம்தான். ஆனால் விண்டோஸ் 11ல் டிபிஎம் 2.0, செக்யூர் பூட் ஆகிய இரண்டும் இயக்கத்தில் இருந்தால்தான் ஓடும். பழைய செகண்ட் ஹேண்ட் மெஷினில் தகராறு செய்யும். வாங்கும் முன் கேளுங்கள். அணியில் சேரப் பணம் கட்டச் சொன்னால் சேராதீர்கள். பாஸ்வேர்டையும் ஓடிபியையும் "கேப்டன்" கேட்டாலும் கொடுக்கக் கூடாது.

எல்லாவற்றுக்கும் மேலாக, அவனுடைய அணியில் யார் யார் என்று கேளுங்கள். யாரையாவது நீக்கியிருந்தால் ஏன் என்று கேளுங்கள். மதிப்பெண் விசாரிக்கிற நாம் இதை விசாரிப்பதில்லை. நாளை அவன் வேலைக்குப் போகும் இடத்திலும் அணிதான். சாப்ட்வேர் கம்பெனியிலும் புராஜெக்ட் மாறும், ஆட்கள் மாறுவார்கள். ஒருவரை எப்படி அனுப்பி வைப்பது என்று கல்லூரியில் யாரும் எனக்குச் சொல்லித் தரவில்லை. தெருவில் தினமும் பார்த்தும் நான் கற்கவில்லை.

சித்தப்பா வீட்டிலிருந்து திரும்பிய அன்று இரவு அந்த நண்பனின் நம்பரைத் தேடிப் பிடித்துப் போன் செய்தேன். ஓசூரில் வேலை செய்கிறான். நடந்ததைச் சொல்லி மன்னிப்புக் கேட்டேன். கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு, "அந்த போன் இன்னும் வீட்ல இருக்குடா. சார்ஜ்தான் ஏறாது" என்றான். அரை மணி நேரம் பேசினோம். கேமைப் பற்றிப் பேசவேயில்லை.

தம்பி இப்போது பள்ளி நண்பர்கள் நால்வரைச் சேர்த்து ஓர் அணி ஆரம்பித்திருக்கிறான். வாரத்தில் மூன்று நாள், இரவு பத்து மணி வரை, பொதுத் தேர்வுக்கு இரண்டு மாதம் முன்னால் நிறுத்தம் என்று சித்தப்பாவிடம் ஒப்புக்கொண்டிருக்கிறான். அணிக்கென்று ஒரு நோட்டுப் போட்டு விதிகள் எழுதியிருக்கிறார்கள். முதல் விதியை எனக்குக் காட்டினான்: "யாரையாவது மாற்றணும்னா நேரில் போய்ச் சொல்லணும்."

பெரிய அணிகளும் இந்த ஒரு வரியை எழுதிக்கொள்ளலாம்.